டிவிக்குக் கீழே ஒரு சிறு கணினி: ஹோம் தியேட்டர் பிசியை முதன்முறையாக அசெம்பிள் செய்வோருக்கு

ஹோம் தியேட்டர் பிசி என்பது டிவியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும், சத்தம் எழுப்பாத, சோபாவில் அமர்ந்தபடி ரிமோட்டால் இயக்கக்கூடிய ஒரு சிறிய கணினி. பாகங்களை வாங்கப் புறப்படும் முன், வீட்டில் உண்மையில் என்ன பார்க்கிறீர்கள் என்று கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். ஓடிடி தளங்களை மட்டுமே பார்க்கும் வீட்டுக்கு இந்தக் கணினி தேவையில்லை. அந்தத் தளங்கள் 4கே படத்தை, நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு வன்பொருளிலேயே அமைந்த கருவிகளுக்குத்தான் அனுப்புகின்றன. டிவியில் உள்ள செயலிக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக்குக்கும் அந்தத் தகுதி உண்டு. லினக்ஸ் கணினிக்கு இல்லை. விண்டோஸ் கணினியில்கூட எட்ஜ் உலாவி, எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்புப் பூட்டை ஏற்கும் திரை, எச்இவிசி என்ற வீடியோ வடிவத்துக்கான நீட்சி எனப் பல நிபந்தனைகள் கூடிவந்தால்தான் நெட்பிளிக்ஸ் 4கே தரத்தில் ஓடும்.

சொந்தமாகச் சேர்த்து வைத்திருக்கும் படங்கள், திருமண டிவிடிகள், கேமராவில் எடுத்த குடும்ப வீடியோக்கள், பாட்டுகள், புகைப்படங்கள் ஆகியவை ஹார்டு டிஸ்க்குகளில் சிதறிக் கிடக்கும் வீட்டுக்கே இது பொருந்தும். டிவியின் யுஎஸ்பி துளையில் அதே டிஸ்க்கைச் செருகலாமே என்று தோன்றும். ஆனால் டிடிஎஸ் ஒலித்தடம் உள்ள கோப்பைப் போட்டால் பல டிவிகளில் படம் ஓடும், ஒலி வராது. நெட்வொர்க் வழியாகப் பார்க்கலாம் என்றால், பெரும்பாலான டிவிகளின் லேன் துளை நொடிக்கு 100 மெகாபிட்டோடு நின்றுவிடுகிறது. 4கே புளூரே வட்டின் வேகமோ 128 மெகாபிட் வரை போகலாம். சண்டைக் காட்சி வரும்போது மட்டும் படம் நின்று நின்று ஓடுவதற்கு இதுவே பல வீடுகளில் காரணம். கணினியின் கிகாபிட் துளையும் சாதாரண கேட் 5இ கேபிளும் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

பிராசசரைத் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கணினிக்கு வேகமான பிராசசர் வேண்டியதில்லை. வீடியோவைப் பிரித்து ஓட்டும் வேலையைச் செய்வது பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியின் தனி டீகோடர்தான். ஆகவே அது எந்தெந்த வீடியோ வடிவங்களை நேரடியாகக் கையாளும் என்பதே பார்க்க வேண்டிய விஷயம். எச்.264, 10 பிட் எச்இவிசி, விபி9, ஏவி1 ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இவற்றுள் ஏவி1 புதியது. யூடியூப் அதை அதிகம் பயன்படுத்துகிறது. இன்டெலின் 12-ஆம் தலைமுறை ஐ3-12100 நான்கையும் கையாளும். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பல கோர்களைப் பயன்படுத்தும் வேலைகளில் இதைவிட வலுவான பிராசசர் என்றாலும் அதன் கிராபிக்ஸில் ஏவி1 டீகோடர் இல்லை. ஏஎம்டிதான் வேண்டும் என்போர் 2024-இல் வந்த 8600ஜி போன்றவற்றுக்குப் போகலாம். அதற்கேற்ற மதர்போர்டும் (போர்டு) டிடிஆர்5 வகை ரேமும் செலவைக் கூட்டும்.

படம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் 2023-இல் வந்த இன்டெல் என்100 போதும். நான்கு கோர்களும் வெறும் 6 வாட் மின்சக்தி வரையறையும் கொண்ட இந்தச் சில்லு போர்டிலேயே பற்றவைத்து வருவதால், பிராசசரைப் பொருத்தும் பயமே இல்லை. மேலே ஒரு அலுமினிய ஹீட்சிங்க் மட்டும் அமர்ந்து, ஃபேன் இல்லாமலே ஓடும் என்100 போர்டுகளும் உண்டு. கூடவே கொஞ்சம் விளையாட்டு, அலுவலக வேலை, வேறு அறைகளுக்கும் படம் அனுப்புதல் என்று எதிர்பார்ப்போர் ஐ3-12100-ஐ எடுப்பது நல்லது. கடையில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: ஐ3-12100எஃப் என்று எஃப் எழுத்தோடு முடியும் பிராசசர் விலை குறைவு என்று காட்டப்படும். அதில் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. டிவியில் எதுவும் தெரியாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பெட்டியின் மேல் அச்சாகியுள்ள எண்ணை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

போர்டில் பார்க்க வேண்டியது எச்டிஎம்ஐ துளையின் பதிப்பு. 1.4 என்றால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் திரையில் புதுப்பிக்கப்படும். மவுஸ் அம்புகூட இழுத்து இழுத்து நகரும். 2.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 முறை கிடைக்கும். விலை குறைந்த போர்டுகளில் இந்த விவரம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவதில்லை என்பதால், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான பக்கத்தைத் திறந்து உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

கேபினெட்டும் உயரக் கணக்கும்

சிறிய கணினியில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது கேபினெட்தான். போர்டு மினி ஐடிஎக்ஸ் வகையாக, அதாவது 170 மில்லிமீட்டர் சதுரமாக இருக்க வேண்டும். இந்த அளவை 2001-இல் அறிமுகப்படுத்தியது தைவானின் வியா நிறுவனம். இன்றுவரை ஸ்க்ரூ துளைகளின் இடம் மாறாததால் எந்த நிறுவனத்தின் மினி ஐடிஎக்ஸ் போர்டும் எந்த மினி ஐடிஎக்ஸ் கேபினெட்டிலும் உட்காரும். உட்காராமல் போவது பிராசசரைக் குளிர்விக்கும் கூலர். ஒவ்வொரு கேபினெட்டுக்கும் கூலர் எத்தனை மில்லிமீட்டர் உயரம் வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ கூலர் ஃபேனோடு சேர்த்து 37 மில்லிமீட்டர். ஐ3-12100 பெட்டியோடு வரும் இன்டெல் கூலர் அதைவிட உயரமானது. ஆகவே கேபினெட்டை முதலில் முடிவு செய்து, அதன் வரம்பைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு கூலரைத் தேடுங்கள். ரேமின் மேல் அலங்காரத் தகடு உயர்ந்து நிற்கும் வகையும் இங்கே வேண்டாம், தட்டையானதே பொருந்தும்.

இன்வின் சோபின் போன்ற 3.3 லிட்டர் கேபினெட்டுகளில் 150 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) உள்ளேயே பொருத்தி வரும். அது போதுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஐ3-12100 முழு வேகத்தில் எடுக்கும் உச்ச வரம்பே 89 வாட். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்த அமைப்புக்கு 150 தாராளம். 450 வாட் எஸ்எம்பிஎஸ் எடுத்தால்தான் பாதுகாப்பு என்று கடையில் சொல்லப்படும் அறிவுரை பெரிய கணினிகளுக்கானது. லேப்டாப் போல வெளியே அடாப்டர் வைத்து இயங்கும் போர்டுகளும் உண்டு; அவற்றில் எஸ்எம்பிஎஸ் ஃபேனின் சத்தமும் இருக்காது.

ரேம் 8 ஜிபி போதும். இரண்டு துளை உள்ள போர்டில் 4 ஜிபி வீதம் இரண்டாகப் போடுவது நல்லது. கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லாமல் இதே ரேமைப் பங்கிட்டுக்கொள்வதால் இரட்டைப் பாதை அதற்கு உதவும். என்100 ஒற்றைப் பாதைதான், ஆகவே அங்கே ஒரே ரேம். மென்பொருளுக்கு போர்டிலேயே செருகும் 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி போதும். படங்களை உள்ளேயே வைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனியுங்கள்: 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகளில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்டவை பொதுவாக 15 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. சிறு கேபினெட்டுகளின் அறை பெரும்பாலும் 7 அல்லது 9.5 மில்லிமீட்டருக்குத்தான் இடம் தரும்.

பொருத்தும் முறை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை), நல்ல வெளிச்சம், பருத்தித் துணி விரித்த மேசை ஆகியவை போதும். உட்காருவதற்கு முன் ஒரு இரும்புக் குழாயையோ எர்த் உள்ள உலோகத்தையோ தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றிவிடுங்கள். போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து வேலையைத் தொடங்குங்கள். கேபினெட்டுக்குள் அதைக் கொண்டுபோவது பிறகுதான்.

முதலில் பிராசசர். சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள நெம்புகோலை அழுத்தி வெளியே தள்ளித் தூக்கினால் உலோகச் சட்டம் திறக்கும். இன்டெல் போர்டில் நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டில் நிற்கின்றன. அவற்றின் மேல் விரலோ துணியோ படக்கூடாது. பிராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டில் உள்ள முக்கோணமும் ஒரே மூலையில் சேருமாறு பிடித்து, ஓரங்களில் உள்ள வெட்டுகளைப் பொருத்தி, அழுத்தாமல் வைத்துவிடுங்கள். பிறகு சட்டத்தை இறக்கி நெம்புகோலை மடக்குங்கள். மடக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், கை இறுகும், கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து விழும். புதியவர்கள் அஞ்சிக் கையை எடுத்துவிடும் இடம் இது, மூன்றும் இயல்பானவையே. அந்த மூடியைத் தூக்கி எறிய வேண்டாம். போர்டை வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் அது கேட்கப்படும்.

ரேமை அதன் பள்ளம் துளையின் மேட்டோடு பொருந்துமாறு வைத்து, இரு முனைகளிலும் கட்டைவிரலால் அழுத்தினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, பின்முனையைக் கீழே அழுத்தி, சின்ன ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். இந்த எம்.2 துளை சில மினி போர்டுகளில் பின்பக்கம் இருக்கும். போர்டை கேபினெட்டில் பூட்டிய பிறகு கை எட்டாது.

கூலருக்கு அடியில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் பிராசசரின் நடுவில் போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். கூலரின் அடியில் ஏற்கெனவே பேஸ்ட் தடவி வந்திருந்தால் வேறு போடக்கூடாது. இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை மூலைக்கு மூலை எதிராக, இரண்டிரண்டாக அழுத்துங்கள். பிறகு போர்டைத் திருப்பிப் பார்த்து, நான்கு வெள்ளை நுனிகளும் முழுதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். ஒன்று பாதியில் நின்றால்கூட கூலர் ஒருபக்கம் தூக்கி நிற்கும், சூடு ஏறும், ஃபேன் இரைச்சலிடும். ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகுங்கள்.

கேபினெட்டுக்குள் வைக்கும் முன் வெளியிலேயே ஒருமுறை இயக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். எஸ்எம்பிஎஸ்ஸின் 24 ஊசி இணைப்பையும் பிராசசருக்கான 4 அல்லது 8 ஊசி இணைப்பையும் செருகி, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்து, பவர் ஸ்விட்ச்சுக்கு உரிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் ஒரு நொடி தொட்டால் கணினி எழும். டிடிஆர்5 ரேம் உள்ள போர்டுகள் முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையின்றி நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

படம் வந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி கேபினெட்டுக்குள் கொண்டுபோகலாம். போர்டின் துளைகளுக்கான பின்பக்கத் தகடு முதலில், போர்டு அடுத்து, நான்கு ஸ்க்ரூக்கள் கடைசியில் இறுக்கமாக. சிறிய கேபினெட்டில் பிராசசருக்கான மின்வயரையும் முன்பக்க பொத்தானின் மெல்லிய வயர்களையும், போர்டை முழுதாக இறக்குவதற்கு முன்பே செருகிவிடுவது விரல்களுக்கு நல்லது. எல்இடி வயருக்கு மட்டும் கூட்டல், கழித்தல் பக்கம் உண்டு. மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது, வேறு பாதிப்பில்லை. மிச்ச வயர்களை ஃபேன் இறக்கையில் படாதவாறு டேக் போட்டுக் கட்டுங்கள்.

பயாஸில் சில மாற்றங்கள்

இயக்கியவுடன் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ் திறக்கும். மின்சாரம் போய் வந்தால் கணினி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பைத் தேடி, முன்பு இருந்த நிலைக்கே திரும்புமாறு வையுங்கள். எப்போதும் தானாக எழுமாறு வைத்தால் நள்ளிரவு மின்வெட்டுக்குப் பிறகு கூடத்தில் டிவி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். யுஎஸ்பி வழியாக விழித்தெழும் வசதியை இயக்குங்கள். ரிமோட்டால் கணினியை எழுப்ப அது வேண்டும். ஃபேன் வேகத்தை அமைதி நிலைக்கு மாற்றுங்கள். படம் ஓடும்போது பிராசசருக்கு வேலை மிகக் குறைவு என்பதால் வேகம் குறைந்த ஃபேனே போதுமானது.

மென்பொருள்

புதியவர்களுக்கு என் பரிந்துரை லிப்ரெஎலெக். கோடி என்ற ஊடக மென்பொருளை ஓட்டுவதற்கு மட்டுமே தேவையான அளவு லினக்ஸைக் கொண்ட இலவச அமைப்பு இது. வேறொரு கணினியில் லிப்ரெஎலெக் தளத்தின் பெண்டிரைவ் உருவாக்கும் கருவியை இறக்கி, சாதாரண பிசிக்கான ஜெனெரிக் பதிப்பை எழுதி, அந்த பெண்டிரைவிலிருந்து இயக்கினால் நிறுவும் திரை வரும். நிறுவும்போது எஸ்எஸ்டியில் இருப்பது எல்லாம் அழியும். அந்த நேரத்தில் படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்திருப்பது நிம்மதி.

படங்களுக்குக் கோடி தானாகவே போஸ்டரும் விவரமும் தேடித் தரும், ஆனால் கோப்பின் பெயர் ஒழுங்காக இருந்தால் மட்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், அதன் பெயரில் ஆங்கில எழுத்தில் படப்பெயர், அடைப்புக்குறிக்குள் வெளிவந்த ஆண்டு என்பது முறை. ஆண்டு தமிழ்ப் படங்களுக்கு மிக அவசியம்: பில்லா என்று மட்டும் எழுதினால் 1980-இல் வந்ததா, 2007-இல் வந்ததா என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கும். குடும்ப வீடியோக்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அதைச் சேர்க்கும்போது கேட்கப்படும் உள்ளடக்க வகையில் 'ஏதுமில்லை' என்று தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் உங்கள் அக்காவின் கல்யாண வீடியோவுக்கு ஏதோ ஒரு படத்தின் போஸ்டர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

திருமண டிவிடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எழுதப்பட்ட டிவிடிகளின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கிப் படிக்க முடியாமல் போகும். இன்று ஓடுவது நாளை ஓடாது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றால் அவற்றின் வீடியோ ஃபோல்டரை அப்படியே டிஸ்க்குக்கு நகலெடுத்தால் கோடி அதை நேரடியாக ஓட்டும். அக்காலத்து வீடியோ 576 வரிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரு பாதியாக மாற்றி மாற்றி அனுப்பும் முறையில் பதிவானது. தாலி கட்டும் கை அசையும்போது அதன் ஓரம் சீப்புப் பற்களாகக் கிழிந்து தெரிந்தால், படம் ஓடும்போதே வீடியோ அமைப்பைத் திறந்து டீஇன்டர்லேஸ் முறையை மாற்றி, சரியாக வருவதைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படத்தைச் சரிசெய்தல்

முதல்முறை கணினியை இயக்குவோர் 'யூடியூப் ஸ்டிக்கில் இதைவிட நன்றாகத் தெரிந்ததே' என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம், இந்த அமைப்புகள் தொடப்படாமல் கிடப்பதே.

திரையின் நான்கு ஓரங்களும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது டிவியின் வேலை. டிவியின் பட அளவு அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல், ஃபிட் டு ஸ்கிரீன் என்ற பெயர்களில் ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். 4கே டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் உயர்தர சிக்னலை ஏற்கும் அமைப்பு ஒன்று உண்டு. பல டிவிகளில் அது அணைந்த நிலையில் வருகிறது. அதை இயக்காமல் எச்டிஆர் (ஒளி, இருள் வேறுபாடு கூடிய) படம் எதிர்பார்க்க முடியாது.

கறுப்பு சாம்பலாக வெளிறியோ, இருட்டுக் காட்சிகள் மொத்தமாகக் கருகியோ தெரிந்தால் நிற எல்லை பொருந்தவில்லை என்று பொருள். வீடியோக்கள் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் குறிக்கின்றன. கணினிகள் 0 முதல் 255 வரை பயன்படுத்துகின்றன. கணினி ஒன்றை அனுப்பி டிவி மற்றதை எதிர்பார்த்தால் படம் கெடும். கோடியின் திரை அமைப்பில் 16-235 எல்லையை இயக்கி, டிவியின் கறுப்பு அளவை அதற்கேற்ப 'லோ' அல்லது 'லிமிடெட்' என்று வைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

அடுத்தது புதுப்பிக்கும் வேகம், என் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. வட்டுகளில் பலவேளை 23.976. நம் தொலைக்காட்சி ஒளிபரப்பும் பழைய டிவிடிகளும் 25. டிவி 60-இல் நிற்கும்போது 24 சட்டகங்களைச் சமமாகப் பங்கிட முடியாததால் ஒரு சட்டகம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில், பின்னணியில் உள்ள தென்னை மரங்கள் விட்டுவிட்டு நகர்வது இதனால்தான். கோடியின் பிளேயர் அமைப்பில் திரையின் புதுப்பிக்கும் வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் தேர்வை, தொடக்கத்திலும் முடிவிலும் என்று வையுங்கள். திரை அமைப்பில் உள்ள அனுமதிப் பட்டியலில் 23.976, 24, 25, 50, 60 ஆகியவற்றைக் குறியிடுங்கள். படம் தொடங்கும்போது திரை ஒரு நொடி கறுத்து மீளும்; அது வேகம் மாறியதன் அடையாளம்.

ஒலியும் ரிமோட்டும்

டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும் என்றால் கோடியில் சேனல்களின் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். 5.1 என்று விட்டால், வசனம் இருக்கும் நடுச் சேனலுக்கு ஸ்பீக்கர் இல்லாததால் பின்னணி இசை மட்டும் முழங்கும், பேசுவது காதில் விழாது. பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர் வைத்திருப்போர் கணினியை நேராக அதில் இணைத்து, அங்கிருந்து டிவிக்குக் கேபிள் கொண்டுபோய், கோடியில் பாஸ்த்ரூவை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் தேர்வை) இயக்க வேண்டும். டிவி வழியாக சவுண்டுபாருக்குப் போகும் சாதாரண ஏஆர்சி இணைப்பு டால்பி டிஜிட்டல் பிளஸ் வரைதான் தாங்கும். தரம் இழக்காத ட்ரூஎச்டி ஒலிக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

டிவி ரிமோட்டாலேயே கணினியை இயக்கலாம் என்று நினைப்போருக்கு ஒரு ஏமாற்றம் உண்டு. ரிமோட் கட்டளையை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கடத்தும் சிஇசி வசதி ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் உள்ளது, சாதாரண பிசி எச்டிஎம்ஐ துளைகளில் பொதுவாக இல்லை. பல்ஸ்எய்ட் நிறுவனத்தின் சிஇசி அடாப்டரையோ, எந்தப் பழைய ரிமோட்டையும் கற்றுக்கொள்ளும் ஃப்ளிர்க் ரிசீவரையோ யுஎஸ்பியில் செருகினால் தீரும். மொபைலில் கோடிக்கான ரிமோட் செயலியான கோர் என்பதும் உதவும். கையை அசைத்தே அம்பை நகர்த்தும் ஏர் மவுஸ் வாங்கினால் அதன் டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெலே 2012-இல் விளக்கியிருக்கிறது. பொத்தானை இருமுறை அழுத்தினால் ஒருமுறைதான் கேட்கிறது என்ற குறை, டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் முன்னே கொண்டுவந்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும்.

வைக்கும் இடமும் மின்சாரமும்

கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் அடைத்து வைத்தால் சித்திரை வெயிலில் எந்தக் கூலரும் திணறும். பின்பலகையில் துளை இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். மூன்று முனை பிளக்கை எர்த் உள்ள சாக்கெட்டில்தான் செருக வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கேபினெட்டின் உலோகத்தில் நிற்கும்; தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் தெரியும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகுவது டிவியின் துளையைப் பழுதாக்கக்கூடும். ஆகவே கணினி, டிவி, டிடிஎச் பெட்டி மூன்றின் ஸ்விட்சையும் அணைத்த பிறகே கேபிளை மாற்றுங்கள்.

எல்லாம் திருப்தியாக அமைந்த அன்றே லிப்ரெஎலெக் அமைப்புப் பக்கத்தில் உள்ள பேக்கப் கட்டளையை ஓட்டி, உருவாகும் கோப்பை ஒரு பெண்டிரைவுக்கு மாற்றி வையுங்கள். எஸ்எஸ்டியிலேயே விட்டுவைத்தால், அது பழுதாகும் நாளில் பேக்கப்பும் அதோடு போய்விடும்.